கணியர் தெருவில் தங்கிய கிரகணம்

கொற்றம்பட்டினத்தில் புரட்டாசி அமாவாசையன்று பிடித்த சூரிய கிரகணம் விட்டபோது, கடலுக்கு வெயில் திரும்பியது, கோபுரத்துக்குத் திரும்பியது, உப்பளத்துக்கும் சந்தைக்கும் சுங்கச்சாவடிக்கும் திரும்பியது, கணியர் தெருவில் திருவம்பலத்தின் வீட்டு முற்றத்துக்கு மட்டும் திரும்பவில்லை. கிரகணம் விட்டதும் தலைமுழுகுவதற்காகக் குடத்தில் தண்ணீரோடு காத்திருந்த அவர் மனைவி அஞ்சுகம் அண்ணாந்து பார்த்தாள். சூரியன் கறுப்பு வட்டமாக, சுற்றிலும் வெள்ளை மயிர் பறக்க, அப்படியே நின்றது; பக்கத்தில் பட்டப்பகலில் நட்சத்திரங்கள் இருந்தன. வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே வெயிலில் கண் கூசியது. திரும்ப முற்றத்துக்கு வந்தாள். மறுபடியும் கறுப்பு.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு மட்டும் இன்னும் விடலையே," என்றாள்.

திருவம்பலம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "விடும், விடும். அதுக்கு என்ன அவசரமோ," என்றார்.

அன்று விடவில்லை. மறுநாள் காலையில் சூரியன் ஊருக்கெல்லாம் முழுதாகவும் அந்த முற்றத்துக்கு மட்டும் கறுப்பாகவும் உதித்தது, சாயங்காலம் அப்படியே போய் விழுந்தது, அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலு தென்னை நிற்கும் அகலத்துக்கு ஓர் இருட்டு, யாரோ உதறி விரித்த ஜமுக்காளம் போல, அந்த முற்றத்தில் விழுந்து கிடந்தது.

பக்கத்து வீட்டில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில்சுவரின் கிழக்குப் பக்கத்தில், பளீரென்ற வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாசிலாமணிக் கணியர். அவர் அஞ்சுகத்துக்கு அண்ணன், திருவம்பலத்துக்கு மைத்துனர். பொறாமை சிலருக்கு வயிற்றில் எரியும், சிலருக்கு நெஞ்சில் அடைக்கும். மாசிலாமணிக்கு அது கண்ணில் உறுத்தியது, தூசி விழுந்தாற்போல, எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவியும் போகாமல்.

அது அன்று தொடங்கிய உறுத்தல் இல்லை. அவருடைய அப்பா சிவக்கொழுந்துக் கணியர் அந்தக் கடற்கரைக்கே வானம் சொன்னவர். பலகையில் சோழிகளை உருட்டி, எண்களை ஒளித்து வைத்த வாக்கியங்களை வாய்க்குள் முணுமுணுத்து, எந்தக் கிரகம் என்றைக்கு எங்கே நிற்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவார். மகனையும், பிற்பாடு மருமகனான திருவம்பலத்தையும் ஒரே பலகையில் உட்கார வைத்துத்தான் பழக்கினார். அந்தக் காலத்தில் இருவரும் வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள்; தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்தது. கிழவர் சாகும்போது, சொத்தைப் பிரிப்பது போல வானத்தையும் பிரித்தார். சூரியனும் சந்திரனும் மருமகனுக்கு, மற்ற ஐந்து கிரகங்களும் மகனுக்கு என்றார். தன் பங்கின் வாக்கியங்களை மற்றவனுக்குச் சொல்லக்கூடாது என்று இருவரிடமும் கையடித்து வாங்கிக்கொண்டார்.

ஐந்து இரண்டைவிடப் பெரிது என்று மாசிலாமணி அப்போது சந்தோஷப்பட்டார். பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வேண்டியதெல்லாம் அமாவாசையும் பௌர்ணமியும் கிரகணமும்தான். எல்லாரும் திருவம்பலத்தின் வாசலுக்குப் போனார்கள். செவ்வாய் எங்கே நிற்கிறது என்று கேட்டு மாசிலாமணியின் வாசலுக்கு யாரும் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது புதன். சூரியனின் முந்தானையை விடாத சவலைப்பிள்ளை அது. விடியலில் சற்று முன்னால் எழும், அந்தியில் சற்றுப் பின்னால் விழும், இரண்டு நேரத்திலும் கடல் மூட்டமோ பனங்காடோ வந்து மறைத்துவிடும். புதனின் வாக்கியங்கள் மாசிலாமணிக்குத் தூக்கத்திலும் வரும். அவை எந்தக் காலத்திலோ கட்டப்பட்டவை. இப்போது சற்றே பிசகிவிட்டன என்று அவருக்குச் சந்தேகம். சரிபார்க்க வேண்டுமானால் புதனைப் பார்க்க வேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய வயதுவரைக்கும், இதுதான் புதன் என்று சத்தியம் பண்ணும்படி அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை.

அந்த ஆற்றாமையில்தான், தன் பங்குக்கு வராத சூரிய சந்திரர் கணக்கை ஒட்டுக்கேட்ட துண்டு துணுக்குகளை வைத்துத் தானே போட்டு, "புரட்டாசிக் கிரகணம் நம்ம ஊருக்கு ஒரு கடிதான் கடிக்கும்," என்று சந்தையில் எல்லாரும் கேட்கச் சொன்னார். திருவம்பலம் சிரித்துக்கொண்டே, "இல்ல மச்சான், முழுசா மறையும். நம்ம தெருவுல கோழி அடையும், பாருங்க," என்றார். கோழி அடைந்தது. அது போதாதென்று, கிரகணமே தன்னைச் சரியாகச் சொன்னவன் வீட்டில் தங்கியும் விட்டது.

ஊர் முதலில் பயந்தது. பிறகு கோயில் வாசலில் கூடிப் பேசியது. கிரகண காலத்தில் உலை வைக்கக்கூடாதே, விடாத கிரகணம் உள்ள வீட்டில் எப்போதுதான் சமைப்பது என்று கேள்வி வந்தது. குருக்கள் வெகுநேரம் யோசித்து, அடுப்பங்கரை தெருப்பக்கம் வெயிலில் இருப்பதால் தோஷமில்லை, சோற்றை மட்டும் முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார். அவ்வளவுதான், பயம் தீர்ந்தது. அதன்பின் ஊர் அந்த இருட்டைப் புழங்க ஆரம்பித்தது. தெருவிலுள்ள கோழிகளெல்லாம் மத்தியானம் அங்கே போய் அடைந்தன, சொந்தக்காரர்கள் கூடையோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பூக்காரிகள் மொட்டு மல்லிகையை அங்கே வைத்து உச்சிப்பொழுதில் மலரவைத்து எடுத்துப் போனார்கள். வெற்றிலைக்காரர் வாடாமலிருக்கக் கவுளிக் கட்டுகளை அடுக்கினார். உப்பளத்தில் வெந்து வந்தவர்கள் சற்றுநேரம் முதுகைத் தரையில் சாய்த்துவிட்டுப் போனார்கள். பகலில் தூங்காமல் அழுத குழந்தைகளை இடுப்பில் தூக்கிவந்த தாய்மார்கள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அவை உறங்கின. வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டியிருந்த புருஷன் பெண்டாட்டிகளும் பங்காளிகளும், ஊர் வாய்க்கு ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்து பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கோட்டையிலிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் பித்தளைக் குழாயோடு பல்லக்கில் வந்து இறங்கி, கறுப்புச் சூரியனைச் சுற்றிப் பறந்த வெள்ளை மயிரை நாள் முழுக்கப் படம் எழுதிவிட்டு, போகும்போது திருவம்பலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரார் திருவம்பலத்தைக் கிரகணத்தார் என்று அழைக்கலானார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் தவறி மாசிலாமணியின் கதவைத்தான் தட்டினார்கள்.

"கிரகணத்தார் வீடு இதுங்களா?"

"அடுத்த வீடு," என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கில் கசப்பு ஏறியது.

அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. பிள்ளையில்லாமல் பல வருஷம் கழித்து அஞ்சுகம் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். மாசிலாமணி கோயில் வாசல் கூட்டத்தில் எழுந்து நின்றார். "கிரகணத்துல கர்ப்பஸ்திரீ வெளியே தலைகாட்டக் கூடாதுன்னு ஊருக்கே தெரியும். அந்த வீட்டுல முற்றமே கிரகணம். எங்க குலத்துல வர்ற ஒத்தைப் பிள்ளை ஊனமாப் பொறந்தா யார் பதில் சொல்றது? என் தங்கச்சி என் வீட்டுல இருக்கட்டும்," என்றார்.

நிழல் கருவை ஒன்றும் செய்யாது, அது வெறும் சந்திரனின் நிழல் என்று அந்த ஊரில் நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தப் பயத்தைக் கிளப்பியவர். இன்னொருவர் ஊரார் முன்னால் மைத்துனரை எதிர்த்துப் பேச முடியாமல் தலையைக் குனிந்துகொண்டவர். அஞ்சுகம் துணிமூட்டையோடு மதிலின் இந்தப் பக்கம் வந்தாள்.

மனைவி போனால் திருவம்பலம் தவித்துப்போவார், இருட்டை வெறுப்பார் என்று மாசிலாமணி எதிர்பார்த்தார். முதல் சில நாள் திருவம்பலம் சாப்பிட வந்தார். பிறகு மதில்மேல் தட்டு வைத்தால் எடுத்துக்கொண்டார். பிறகு வைத்த தட்டு காய்ந்தது. கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டு மல்லாந்து கிடந்தார், காலையிலிருந்து மாலைவரை. வந்தவர்களிடமெல்லாம், "நமக்குத் தினம் புதன் தரிசனம்," என்றார்.

அந்த வார்த்தை மதிலைத் தாண்டி வந்து விழுந்த அன்று மாசிலாமணியால் சாப்பிட முடியவில்லை. பத்தடி தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், தன் பங்குக் கிரகம், தான் ஆயுசு முழுக்கத் தேடிய கிரகம், அதன் வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவன் கண்முன்னால் நடுப்பகலில் நின்றுகொண்டிருக்கிறது.

ஒருநாள் திருவம்பலம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "மச்சான், நீங்க ஒருதரம் வந்து பாருங்களேன்," என்றார். குரலில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை.

"எனக்குப் புதன் மனப்பாடம் மாப்பிள்ளை. கண்ணால பாக்கணும்னு அவசியமில்ல," என்றார் மாசிலாமணி.

தலை கீழே இறங்கிவிட்டது.

மாசிலாமணியின் வீட்டில் இப்போது இரண்டு பொறாமைகள் குடியிருந்தன. அண்ணன் தங்கை புருஷன்மேல் பொறாமைப்பட்டார், தங்கை இருட்டின்மேல். அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொன்னாள். வயிறு பெருக்கப் பெருக்க வாய் நீண்டது.

"அவரு எழுந்து குளிச்சாராண்ணே?"

"எனக்கென்ன தெரியும்."

"மதில்கிட்டயே நிக்கிறே, தெரியாதா? எதைப் பாத்துக்கிட்டு கிடக்காரு இன்னிக்கு?"

"புதனை."

"ஆம்பளைக்கு ஆசைநாயகின்னு ஒருத்தி இருந்தா தெருவுல நின்னு தலைமயிரைப் புடிக்கலாம். இருட்டுக்கிட்ட எதைப் புடிக்கிறது?" என்று அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இது உதைக்குது பாருண்ணே, வந்து தொட்டுப் பாக்கக்கூட மனசில்ல அந்த மனுஷனுக்கு."

மாசிலாமணிக்கு அந்த நேரங்களில் ஒரு திருப்தி வரும், உடனே அந்தத் திருப்தியைப் பார்த்தே வெட்கமும் வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாமல் அவர் வீட்டின் பின்சந்துக்குப் போய்விடுவார்.

பின்சந்தில்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். இருட்டின் வால் திருவம்பலத்தின் கொல்லைச் சுவரைத் தாண்டிச் சந்துவரைக்கும் நீண்டிருந்தது. அது நாளுக்கு நாள் தேய்கிறது, ஒருநாள் இல்லாமல் போகும் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாரும் உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரத்தில் இருட்டின் இரண்டு ஓரத்திலும் முளைக்குச்சிகளை அடித்தார். அது தேயவில்லை. மேற்குக் குச்சி வெயிலுக்கு வந்துவிட்டது, கிழக்குக் குச்சி இருட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் புதுக்குச்சிகள் அடித்தார். அதேதான். மூன்று விரற்கடை. அடுத்த நாளும் மூன்று விரற்கடை. ஓரம் மங்கலாகக் கிடந்ததால் ஊரில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. கட்டிலைத் தினமும் சற்றே கிழக்கே இழுத்துப் போட்டுக்கொண்ட திருவம்பலத்துக்கும் தான் இழுப்பது தெரியவில்லை. சந்திரனின் நிழல் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுவதுதான் வழக்கம். இந்த நிழல் ஓடுவதை விட்டு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அது யார் வீட்டிலும் தங்கவில்லை.

சந்தின் புழுதியில் குந்தியிருந்த மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். உலகத்தில் அந்த ஒரு மனிதருக்கு மட்டும் தெரிந்த உண்மை அது, பொறாமையைத் தவிர வேறு எதுவும் அவரை அங்கே கொண்டுவந்து குந்தவைத்திருக்காது. கிழக்கே அடுத்த வீடு எது? அவர் வீடு.

யாரிடமும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார், பங்குனியில் வந்து சேரும். மழைக்காலம் முழுக்க ஒரு மாப்பிள்ளை வீட்டை எதிர்பார்ப்பவர் போல வேலை பார்த்தார். முற்றத்தில் கட்டிய கொடிக்கயிற்றை அவிழ்த்தார். தாழ்வாரத்தின் முன்னோடுகளை இறக்கினார். வானத்தை மறைத்த முருங்கையை வெட்டிப் போட்டார்.

"காய்க்கிற மரத்தை ஏண்ணே வெட்டுனே?" என்றாள் அஞ்சுகம்.

"கம்பளிப்பூச்சி."

"பூச்சிக்கு யாராச்சும் மரத்தை வெட்டுவாங்களா?"

தங்கையைப் பற்றியும் அவர் யோசித்து வைத்திருந்தார். இருட்டு இங்கே வரும்போது அங்கே வெயில் வந்துவிடும். அவளை நல்ல நாள் பார்த்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மருத்துவச்சி சொர்ணம் சித்திரையில்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பங்குனியில் இருட்டு மதிலைத் தாண்டியது. முதலில் மதிலின் இந்தப் பக்கத்துக் காரை கறுத்தது, பிறகு துளசிமாடம், பிறகு பாதி முற்றம். மாதம் ஏறி அறையிலேயே படுத்திருந்த அஞ்சுகம் அதைப் பார்க்காதபடி ஜன்னலை அவர் சாத்தியே வைத்தார். அஞ்சுகத்தின் அறை ஓட்டின்மேல் அதன் ஓரம் ஏறியதைப் பார்த்து, நாளைக் காலையில் அவளை அனுப்பிவிடலாம் என்று அவர் தீர்மானித்த அன்று, காலை உலை கொதிக்கும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது.

ஓடிவந்த சொர்ணம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். "பிள்ளை அவசரக்காரப் பிள்ளை. தலை திரும்பிடுச்சு."

"தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார் மாசிலாமணி.

"நல்லா இருக்கு. இப்ப வாசப்படி தாண்டுனா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. வெளக்கை ஏத்துங்க கணியரே, கண்ணு தெரியல."

விளக்கை ஏற்றும்போதுதான், சொர்ணம் காற்றுக்குத் திறந்த ஜன்னல் வழியே அஞ்சுகம் வெளியே பார்த்தாள். நடுமுற்றம் அமாவாசை போல இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் ஊரே வாசலுக்கு வந்தது. "அண்ணே! அது இங்க வந்துடுச்சு! என்னைத் தேடிக்கிட்டு வந்துடுச்சுண்ணே, அந்தச் சக்களத்தி! பிள்ளையைத் தொடப்போவுது!" பற்களைக் கடித்துக்கொண்டு கால்களை இறுக்கிக்கொண்டாள். வெளியே வரத் துடித்த பிள்ளையை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்த்தாள். சொர்ணம் கன்னத்தில் தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள். கால்கள் விலகவில்லை.

"ரெண்டு உசுரும் போயிடும்மா! விடு!"

"வெயில் வரட்டும்! அப்பத்தான் விடுவேன்!"

பிரசவ அறைக்குள் ஆண் போகக்கூடாது. மாசிலாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் ஊர் நின்றது. அவர்கள் எல்லாருக்கும் கேட்கும் என்று தெரிந்தே குரலை உயர்த்தினார்.

"அஞ்சு, கேளு. அந்த இருட்டு ஒண்ணும் செய்யாது. அது நிழலு. மாமரத்து நிழல் மாதிரி, கோபுரத்து நிழல் மாதிரி. பிள்ளைக்கு ஆகாதுன்னு நான் கோயில்ல சொன்னது பொய்."

உள்ளே முனகல் நின்றது. "பொய்யா?"

"பொய்தான். உன் புருஷனுக்கு வந்தது எனக்கு வரலைன்னு எனக்குப் பொறுக்கல. அதான் சொன்னேன். நீ பிள்ளையை விடும்மா."

அஞ்சுகம் அண்ணனை ஒரு வசவு வைதாள், அந்தத் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் உரக்கச் சொல்லாத வசவு. வைத வேகத்தில் கால்கள் விலகின. உச்சிவேளையில், விளக்கு வெளிச்சத்தில், கிரகணத்துக்குள் ஒரு பெண்பிள்ளை பிறந்து வீறிட்டது. சொர்ணம் கையைக் காலை எண்ணி, உதட்டைத் தடவிப் பார்த்து, "ஒரு குறையும் இல்ல! தாய் மாமனைவிட லட்சணம்!" என்று கத்தினாள்.

மாசிலாமணி நிலைப்படியிலிருந்து திரும்பினார். முற்றத்தின் நடுவில் தரையிலேயே உட்கார்ந்து, உட்கார முடியாமல் மல்லாந்து சாய்ந்தார். அப்போதுதான் வானம் தலைக்குமேல் இருப்பது ஞாபகம் வந்தது. கறுப்புச் சூரியன். அதன் வெள்ளை மயிர். அதற்கு மேற்கே கனத்த வெள்ளையாக ஒரு பெரிய ஒளி. கிழக்கே, சூரியனை ஒட்டி, வாக்கியம் சொன்ன இடத்திலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி, சற்றே சிவந்த ஒரு பொட்டு.

கட்டைவிரல் அகலம். அவ்வளவுதான் பிசகு. வாழ்நாள் முழுக்க அவர் சந்தேகப்பட்டது சரி. அவருக்கு அழுகை வந்தது, குழந்தை உள்ளே அழுதது, எந்த அழுகை யாருடையது என்று வாசலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருவம்பலம் வந்தார். பல மாதமாக வெயில் படாத முகம் பூசணம் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. அறை வாசலுக்கு ஓடி, சொர்ணம் நீட்டிய பிள்ளையைப் பார்த்து, மனைவியிடம் ஏதோ சொல்லி, அவளிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பிவந்து மாசிலாமணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு மச்சான்," என்றார்.

மாசிலாமணி வானத்தைப் பார்த்தபடியே கிடந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நான் புதனைப் பாக்கல."

மாசிலாமணி தலையைத் திருப்பினார்.

"ஊருல தினம் தரிசனம்னு சொன்னேன். எது புதன்னு எனக்கு யாரு சொன்னா? உங்கப்பா எனக்குச் சூரியனையும் சந்திரனையும் குடுத்தாரு, அஞ்சையும் உங்களுக்குன்னு வச்சிட்டாரு. அன்னிலேருந்து எனக்கு எரிச்சல். கெடக்கிற வெள்ளிமீனெல்லாம் உங்களுக்கு மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கும். கிரகணம் வந்து தங்குனப்ப, சரி, இப்பவாச்சும் நானே கண்டுபுடிச்சுடலாம்னு பாத்தேன். கொஞ்ச நாள் சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு வருது, காணாமப் போவுது, அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணு வருது. ரெண்டும் வேறயா, ஒண்ணா? தெரியல. உங்களைக் கூப்பிட்டேன். மனப்பாடம்னுட்டீங்க." அவர் அண்ணாந்தார். "எது மச்சான் புதன்?"

மாசிலாமணியின் கை மேலே எழுந்தது. தன் கைதானா அது என்று அவருக்கே தெரியவில்லை. கிழக்கே போக வேண்டிய விரல் மேற்கே போயிற்று, அந்தப் பெரிய வெள்ளை ஒளியில் போய் நின்றது.

"அதோ," என்றார்.

திருவம்பலம் பார்த்தார். மெல்ல இரண்டு கைகளும் குவிந்தன. "அம்மாடி," என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "இத்தனை அழகா! இதையா சவலைப்பிள்ளைன்னாங்க? நான் இதைத் தினமும் பாத்துட்டு என்னவோன்னு இருந்துட்டேனே மச்சான்."

மாசிலாமணி அந்தக் குவிந்த கைகளைப் பார்த்தார், அந்தக் கண்ணீரைப் பார்த்தார். அவருக்குள் பழைய உறுத்தல் மறுபடி எழுந்தது, இந்தமுறை வேறு பக்கமிருந்து. தன் புதனுக்குச் சேர வேண்டிய கும்பிடு வேறொருவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கிழக்கே அந்தச் சின்னச் சிவப்புப் பொட்டு, யாரும் கண்டுகொள்ளாமல், சூரியனின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவரால் தாங்க முடியவில்லை.

"அது இல்லடா," என்று கத்தினார். "அது வியாழன்! யாருக்கும் தெரியும் வியாழனை! மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பு. சூரியனை ஒட்டிப் பாரு. சின்னதா. செவப்பா. தெரியுதா? அதுதான். ரெண்டு பக்கமும் வர்றது அது ஒண்ணேதான், முன்னால போயிட்டுப் பின்னால திரும்பி வரும்."

திருவம்பலம் வெகுநேரம் பார்த்தார். கைகள் தானாகப் பிரிந்து, பெரியதிலிருந்து சின்னதுக்குத் திரும்பி, மறுபடி குவிந்தன. மாசிலாமணியின் மூச்சு அப்போதுதான் இறங்கியது.

"ஒண்ணேவா?" என்றார் திருவம்பலம்.

"ஒண்ணே."

"முதல்ல ஏன் மச்சான் மாத்திக் காட்டுனீங்க?"

"வாயை மூடிக்கிட்டுப் பாரு."

அன்றிலிருந்து இருவரும் பகலெல்லாம் அந்த முற்றத்தில்தான் கிடந்தார்கள். செத்தவருக்குக் கொடுத்த கையடியை மறந்தார்கள். ஒருவர் சூரியனைச் சொல்ல மற்றவர் புதனைச் சொல்ல, சோழி உருளும் சத்தமும் சண்டைச் சத்தமும் தெருக்கோடி வரை கேட்டது. கட்டைவிரல் அகலப் பிசகைத் திருத்திப் புதனுக்குப் புது வாக்கியங்கள் கட்டினார்கள். எந்த அடி யாருடையது என்று அதற்கும் சண்டை. அஞ்சுகம் இருவருக்கும் ஒரே தட்டில் சோற்றை வைத்து, குழந்தை அழுதால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அண்ணன் சொன்ன பொய்யை அவள் மன்னித்தாளா என்று கேட்டால், மன்னித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தது என்று அவர் சொல்லும் நாளெல்லாம் அந்தப் பொய்யை எடுத்துப் பரிமாறாமல் விடமாட்டாள்.

குழந்தை தவழ்ந்தது, இருட்டும் வேகம் கூட்டியது. மாசிலாமணியின் வீட்டைத் தாண்டித் தெருக்கோடி வைத்தியர் வீட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து உப்புக் கொட்டடிக்குப் போயிற்று, பூக்காரிகளும் கோழிக்காரர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். தாழம்புதரில் சில நாள் கிடந்தது. குழந்தை எட்டு வைத்து நடக்கும் பருவத்தில், நல்ல வெயிலடித்த ஒரு காலைப்பொழுதில், அது மணலைக் கடந்து தண்ணீரில் இறங்கியது.

ஊரே கரையில் நின்று பார்த்தது. மாசிலாமணியும் திருவம்பலமும் முழங்கால் தண்ணீர்வரை போனார்கள், அதற்குமேல் போக முடியாமல் நின்றார்கள். இருட்டு அலைமேல் ஏறி இறங்கிக் கிழக்கே போனது. தூரத்தில் ஒரு கட்டுமரம் அதற்குள் அகப்பட்டது. அதிலிருந்தவன் துடுப்பை நிறுத்தினான். அண்ணாந்து பார்ப்பது கறுப்புக் கோடாகத் தெரிந்தது.

"அவனுக்கு எது புதன்னு தெரியுமா மச்சான்?"

"எங்க தெரியப்போவுது."

"கொடுத்து வச்ச பய," என்றார் திருவம்பலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாழாப்போறவன்," என்றார் மாசிலாமணி.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற அஞ்சுகம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே எரிந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.